சூரை மாஸ்டர் தைத்த காக்கி உடுப்பு

பிள்ளைகளே, புதுச்சேரியில் கடை போட்டு உட்கார்ந்த தையல்காரர்களிலேயே மனித உடம்பைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர் சூரை மாஸ்டர்தான். மனிதனுக்கு முழங்கால் மடங்கும், தோள் அசையும், சாப்பிட்டால் வயிறு முன்னால் வரும் என்கிற விஷயங்களெல்லாம் யாராவது புகாரோடு வந்தபோதுதான் அவருக்குத் தெரியவந்தன. அப்போதும் அவர் நம்பவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பக்கத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் அடியில் அவர் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுப்பலகை, ஒரு முக்காலி. எழுந்து நின்றால் படி தலையில் இடிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இடித்துக்கொள்வார். இடித்த பிறகு படியை முறைப்பார்.

பிரெஞ்சுக்காரர் இருந்த காலத்தில் சிப்பாய்களுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தே அவர் பிழைத்தார். பொத்தான் தைப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐம்பத்து நான்கில் சிப்பாய்கள் கப்பலேறினார்கள். பொத்தான்களும் அவர்களோடு போய்விட்டன. வேறு யாராவது இருந்தால் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இவர் எதிரே கிடந்த மீன்களைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் மீன் சாப்பிட மாட்டார். கடலில் கால் நனைத்ததும் கிடையாது. மீனைக் கையால் தொடக்கூட அருவருப்பு; கத்திரியின் பிடியால்தான் புரட்டுவார். அப்படிப்பட்டவர் காலையில் மீன் கூடைகள் வந்து இறங்கியதும் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு மீனாக அளப்பார். தலையிலிருந்து வால் எவ்வளவு, முதுகு உயரம் எவ்வளவு, துடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தன் வெட்டுப்பலகையில் எழுதிவைப்பார். சில நாள் சின்ன மீனை அந்தப் பலகைக்கே கொண்டுவந்துவிடுவார். அதே பலகையில்தான் நம் துணியையும் வெட்டுவார். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் பூனை பின்னால் வரும்.

பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கூடையோடு வருகிற அஞ்சலைக்குத்தான் இவரால் தினமும் தொல்லை.

“யோவ், இன்னாயா பண்ற? பொணத்த அளக்கிற மாதிரி நீட்டிப் போட்டு அளக்கிற?”

“இந்தச் சூரைக்கு வால் ஏன் பிறை மாதிரி இருக்குன்னு பாத்தியா அஞ்சல?”

“ஆமா, அத்தக் கேட்டுத்தான் தெனம் நாலு பேரு வாங்கிட்டுப் போறாங்க. வையிய்யா கீழ. மீனு கெடுது.”

ஆனால் அஞ்சலை இளகிய மனசுக்காரி. திட்டிக்கொண்டே சொல்லியும் கொடுப்பாள். எந்த மீன் எந்த ஆழத்தில் கிடைக்கும், எது மணலில் படுக்கும், எது பாறை இடுக்கில் பதுங்கும் என்று அவள் சொன்னதையெல்லாம் இவர் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் தானே கண்டுபிடித்தது போல் அவளிடமே சொல்வார். எல்லா மீனிலும் இவருக்குச் சூரை மேல்தான் உயிர். நம் ஊரில் மலிவாகப் போகிற மீன், ரத்தவாடை என்று பாதிப் பேர் ஒதுக்குகிற மீன். அதனால்தான் அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

மீனைப் பற்றி அவர் சொன்னது தப்பில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லைதான், ஆனால் பிள்ளைகளுக்கு எழுதும்போது பொய் சொல்லக்கூடாது. சூரை நடுக்கடலில் இருக்கிறது. அங்கே ஒளிந்துகொள்ள ஒரு கல்கூடக் கிடையாது. ஓடித்தான் இரை பிடிக்க வேண்டும், ஓடித்தான் தப்பிக்க வேண்டும். அதனால் உடம்பு இரண்டு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்து, வழவழ என்றிருக்கிறது. வேகமெடுக்கும்போது முதுகுத் துடுப்பை முதுகிலேயே உள்ள ஒரு பள்ளத்தில் மடக்கி வைத்துக்கொள்ளும். வால் மெல்லிய பிறை. களவா அப்படி இல்லை. அது பாறை இடுக்கில் காத்துக் கிடந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்வது. அதற்கு வால் விசிறி போல அகலம். வவ்வால் மீன் தட்டை நிறுத்திவைத்த மாதிரி. நீங்களே ஒரு வாளித் தண்ணீரில் சாப்பாட்டுத் தட்டை விட்டுப் பாருங்கள். படுக்கையாக வைத்து மேலும் கீழும் தள்ளினால் தண்ணீர் எதிர்க்கும். விளிம்பைக் காட்டித் தள்ளினால் சும்மா வெட்டிக்கொண்டு போகும். நாக்கு மீன் கடலடி மணலில் ஒரு பக்கமாகப் படுத்தே வாழ்கிறது. ஆகவே இரண்டு கண்ணும் மேல் பக்கத்துக்கே வந்துவிட்டன. மேல் பக்கம் மணல் நிறம், கீழ்ப் பக்கம் வெள்ளை. கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் நானும் அவரை மதித்திருப்பேன். அவர் மனிதர்களிடம் வந்தார்.

“கடவுள் எந்த மீனுக்கும் உடம்ப அளந்து தைக்கல. இருக்கிற இடத்தப் பாத்துத் தைச்சாரு. நாம மட்டும் ஏன் இடுப்பப் புடிச்சு அளந்துக்கிட்டுக் கெடக்கோம்?” என்று ஒரு நாள் மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். அன்றிலிருந்து டேப் மீனுக்கு மட்டும்தான். மனிதர்களை அவர் அளப்பதில்லை. வீடு எங்கே, வேலை நின்றா உட்கார்ந்தா, காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார். கண்ணை மூடுவார். பிறகு ஒரு மீன் பெயரைச் சொல்லிக் கத்திரியை எடுப்பார்.

முதலில் மாட்டியவர் ஒரு குமாஸ்தா. தினமும் சுவரோரம் நாற்காலி போட்டு எழுதுகிறவர். நாக்கு மீன் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். கோட்டின் முன்பக்கத்துக்கு நல்ல சாம்பல் நிறத் துணி. சுவரைப் பார்க்கிற பின்பக்கத்துக்கு வெறும் வெள்ளை உள்துணி. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு பெரிய மனிதர் ஆபீஸுக்கு வந்தார். வழிகாட்டுவதற்காகக் குமாஸ்தா அவருக்கு முன்னால் நடந்தார். பெரிய மனிதர் தாழ்வாரம் முழுக்க அந்த வெள்ளை முதுகையே பார்த்துக்கொண்டு போய், கடைசியில் மேலதிகாரியிடம், “இங்கே உள்சட்டையோடு வேலை பார்க்கலாமா?” என்று விசாரித்தாராம். குமாஸ்தா கோட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து மாஸ்டர் முகத்தில் எறிந்தார்.

மாஸ்டர் கலங்கவில்லை. “நாக்கு மீன யாரு எழுந்து நடக்கச் சொன்னது?” என்றார்.

அடுத்தது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, அதாவது பழைய சிப்பாய். நல்ல வயிறு. அவரைப் பேத்தை மீன் என்றார். பேத்தை ஓடத் தெரியாத மீன். பயம் வந்தால் தண்ணீரைக் குடித்துப் பந்து மாதிரி உப்பும். ஆகவே அந்தக் கால்சட்டைக்கு எத்தனை மடிப்பு வைத்தார் என்று கேட்காதீர்கள். இடுப்பில் இறுக்கிக் கட்டு, கீழே இரண்டு காலும் அண்டா வாய். சொல்தா அதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் கடற்கரை ரோட்டில் உலாவப் போனார். கடல்காற்று கால் வழியே உள்ளே புகுந்தது, வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே தங்கியது. அவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொன்னார். அவை பிள்ளைகளுக்கான பக்கத்தில் எழுதக்கூடியவை அல்ல.

இவ்வளவும் தெரிந்த நானே அவரிடம் துணி கொடுத்தேன் என்றால் சிரிப்பீர்கள். என் நிலைமை அப்படி.

அப்போது நான் கடற்கரைப் பக்கம் ஓர் ஆபீஸில் தற்காலிகப் பியூன். சைக்கிளில் காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. நாளைக்கு வராதே என்று சொன்னால் தீர்ந்தது. எங்கள் வீட்டில் முதல் குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. இருப்பதோ இரண்டு பேர்: நானும் அந்துவானும். அந்துவான் பனைமரம் மாதிரி உயரம். சலாம் வைத்தால் கட்டடம் அதிரும். இரண்டு பேருக்கும் காக்கித் துணி கொடுத்து, திங்கட்கிழமை காலை உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும், மெட்ராஸிலிருந்து வருகிற அதிகாரி பார்த்து முடிவு செய்வார் என்றார்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம். எந்தத் தையல்காரரும் என் துணியைக் கையில் வாங்கவில்லை. ஊர் முழுக்க மெஷின் ஓடுகிற அந்த வாரத்தில் ஒருவர் மட்டும் முக்காலியில் சும்மா உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தினமும் எந்த ரோடு என்று கேட்டார். உழவர்கரை வரை போய் வருவேன், திரும்பும்போது கடல்காற்று நேர் முகத்தில் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை நாள் தேடிய ஆள் கிடைத்துவிட்டது போல என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீ சூரை.”

“மாஸ்டர், உங்க கால்ல விழறேன். எல்லாரையும் மாதிரி தைங்க போதும்.”

“எல்லாரும்னா யாரு? ஏரியில இருக்கிறவனா, கடல்ல இருக்கிறவனா?”

திங்கட்கிழமை காலை போய் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டேன். அதைச் சட்டை என்பதா, தோல் என்பதா என்று தெரியவில்லை. வெளியே ஒரு பொத்தான் கிடையாது. எல்லாம் ஒரு பட்டிக்குள் ஒளிந்திருந்தன. கழுத்துப் பட்டை மடங்கி ஒரு பிளவுக்குள் போய்விட்டது. பைகள் துணிக்குள் புதைந்திருந்தன. நிஜார் கணுக்காலில் வந்து ஒடுங்கியது. சைக்கிளில் குனிந்திருக்கிற உடம்புக்கென்று முன்பக்கத்தைக் கட்டையாக வெட்டியிருந்தார். நிமிர்ந்தால் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் முதுகில், இடுப்புக்கு மேலே, காக்கித் துணியில் முக்கோணம் முக்கோணமாகக் குட்டிக் குட்டியாய் ஒரு வரிசை நின்றது.

இது என்ன என்று கேட்டேன். சூரையின் வாலுக்கு முன்னால் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும், பின்னால் சுழல்கிற தண்ணீரை அவை ஒழுங்காக வழியனுப்புகின்றன, காற்றுக்கும் அதே நியாயம்தான் என்றார். கழற்றித் தாருங்கள் என்றேன். அதைக் கழற்றினால் முதுகே கழன்று வந்துவிடும் என்றார்.

அஞ்சலை கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏம்பா, இத்த முழுசா எடுத்துக்கிறீங்களா, துண்டு போட்டுத் தரட்டுமா?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதிகாரி எங்களைச் சுற்றி வந்து பார்த்தார். நிமிர முடியாமல் நான் குனிந்தே நின்றதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, தலையை ஆட்டினார். பின்பக்கம் போனதும் நின்றார். “முதுகில இது என்னய்யா?” என்றார். காற்றுக்காக என்று சொல்லிவைத்தேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

இருவரும் ஒரு கவரை உழவர்கரையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது பரீட்சை. போகும்போது அந்துவான் முன்னால் போனான். திரும்பும்போது கடல்காற்று எழுந்து எதிரே வந்தது. அவனுடைய தொளதொளச் சட்டை கட்டுமரத்துப் பாய் மாதிரி உப்பி அவனைப் பின்னால் இழுத்தது. என் சட்டையில் காற்றுக்குப் பிடிக்க இடமே இல்லை. அவனை முந்தி, கால் மணி முன்னதாக ஆபீஸ் வாசலில் இறங்கினேன். எதிர்ப்புற மரத்தடியில் யாரோ கைதட்டினார்கள். கடையைப் பூட்டிவிட்டுக் காலையிலிருந்து அங்கே நின்றிருக்கிறார் மாஸ்டர். நான் அவரைத் தெரியாதவன் மாதிரி உள்ளே போனேன்.

அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வரும் வரை உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் இருந்தது தாழ்வான பெஞ்சு. உட்கார்ந்தேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நிஜார் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போய்விட்டது. நான் எழுந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

அதிகாரி வந்தார். முன்னால் வரச் சொன்னார். நான் வரவில்லை. காது கேட்காதா என்றார். கேட்கும் என்றேன், நகரவில்லை. அந்துவான் மட்டும் இரண்டடி முன்னால் வைத்து ஒரு சலாம் அடித்தான். மேலதிகாரி கூப்பிட்டு வராதவனை வைத்து என்ன செய்வது என்று அவர் தலைமைக் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டே மேஜைமேல் இருந்த காகிதத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார். என் கண் முன்னால் வீடு, மனைவி, வரப்போகிற பிள்ளை எல்லாம் வந்தன. அப்போதும் சுவரைவிட்டு வர எனக்குத் தைரியமில்லை.

“ஐயா, எழுதிடாதீங்க. தப்பு அவன் மேல இல்ல.”

வாசற்படியில் மாஸ்டர். காலில் செருப்புக்கூட இல்லை, கழுத்தில் மீன் வாடையோடு அந்த டேப்.

“நீ யாருய்யா?”

“தைச்சவன்.”

அவர் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை எறிந்த குமாஸ்தாவிடமும் கம்பத்தைப் பிடித்த சொல்தாவிடமும் கடைசிவரை சொல்லாத ஒன்றை அன்று அத்தனை பேர் நடுவில் சொன்னார்.

“இவன் போற ரோட்டக் கேட்டேன். காத்தக் கேட்டேன். உக்கார்ற பெஞ்சக் கேக்கல. சூரை ஓடிக்கிட்டே இருந்தாத்தாங்க மூச்சு விடும். புடிச்சுக் குட்டையில விட்டா செத்துப்போவும். அதுக்கு மீனக் குத்தம் சொல்லக்கூடாதுங்க. எடத்தத் தப்பாப் பாத்தது நானு. நிஜார் பின்னால கிழிஞ்சுதான் அவன் நகர முடியாம நிக்கிறான்.”

குமாஸ்தாக்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. யார் முதலில் திரும்பினது என்று கேட்டார். கால் மணி முன்னால் இவன்தான் என்று தலைமைக் குமாஸ்தா சொன்னார். அதிகாரி காகிதக் கட்டுக்குள்ளிருந்து இன்னொன்றை உருவினார். சுற்று வட்டாரக் கொம்யூன் ஆபீஸ்களுக்குத் தினமும் சைக்கிளில் தபால் கொண்டுபோக ஓர் ஆள் என்று அனுமதி வந்து ஆறு மாதமாகிறதாம். வெயிலுக்கும் காற்றுக்கும் பயந்து யாருமே கேட்காததால் அது அப்படியே கிடந்ததாம்.

“அவன் உள்ள இருக்கட்டும், இவன் ரோட்டுல இருக்கட்டும்” என்று இரண்டு காகிதத்திலும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “வேற நிஜார் போட்டுக்கிட்டு வரச் சொல்லு” என்றார்.

இதைக் கேட்டவர்கள் எல்லாம், சூரை மாஸ்டர்தான் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. சைக்கிளை மிதித்தது என் கால். நிஜார் கிழிந்தது அவர் வெட்டினதால். கிழித்தவரே வந்து மன்னிப்புக் கேட்டால் அது உபகாரமா? பிள்ளைகளே, நீங்கள் யாராவது தையல் வேலைக்குப் போனால் தயவுசெய்து டேப்பை எடுத்து மனிதனை அளவெடுங்கள்.

வெளியே வந்ததும் அவர் கொஞ்சமாவது வருத்தப்படுவார் என்று பார்த்தேன். வாசல் தாண்டுவதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். சூரை உனக்குப் பொருந்தாது, உனக்கு மடவை மீன்தான் சரி, அது கடலிலும் இருக்கும், ஆறு வந்து விழுகிற முகத்துவாரத்திலும் இருக்கும், ஓடவும் ஓடும், நிற்கவும் நிற்கும் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். கேட்காமலே பின்னால் கேரியரில் ஏறி, என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். கிழிசலுக்கு அவர்தான் மறைப்பு. எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

கடல்காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. அவர் மடவையின் தலை ஏன் அகலம், முதுகில் ஏன் இரண்டு துடுப்பு என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். மார்க்கெட் வந்துவிட்டது. அவர் இன்னும் வாலுக்கு வரவில்லை. நான் சைக்கிளை நிறுத்தாமல் இன்னொரு தெரு சுற்றினேன்.